மண்டோரின் ரத்தக்கொதிப்பு

தம்புசாமியின் முதுகில் பிரம்பு விழுந்துகொண்டிருந்தபோதே ரத்தம் தெறித்தது. கரிமேட்டில் கூடையும் மண்வெட்டியுமாக நின்றவர்கள் எல்லாரும் அது தம்புசாமியின் ரத்தம் என்றுதான் நினைத்தார்கள். தம்புசாமியும் அப்படித்தான் நினைத்தான். குப்புறக் கிடந்தவன், பிடரியில் சூடாக வழிந்ததைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, மண்டை ஒடஞ்சிருச்சு, வுட்டுருங்க மண்டோர்" என்று கத்தினான். மேலேயிருந்து பதிலும் இல்லை, அடுத்த அடியும் இல்லை. திரும்பிப் பார்த்தால் மண்டோர் பக்கிரிசாமி பிரம்பைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். விரலிடுக்கெல்லாம் ரத்தம். சட்டையும் நெஞ்சும் நனைந்து, கரித்தூளோடு சேர்ந்து கறுப்பாக வழிகிறது. "தண்ணி" என்றார். பிறகு முழங்கால் மடங்கி, தான் அடித்த ஆளின் பக்கத்திலேயே சாய்ந்தார்.

ஒருவரும் உடனே ஓடி வரவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வாளியில் பிடித்து வந்தது, முதுகெல்லாம் தடித்துப்போயிருந்த தம்புசாமிதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் எஞ்சின் கொட்டகையில் அந்தக் காலத்தில் கரி ஏற்றுகிற கூட்டத்துக்குப் பக்கிரிசாமிதான் மண்டோர், அதாவது மேஸ்திரி. பத்து அராங் என்கிற ஊர்ச் சுரங்கத்துக் கரி ஒரு தினுசானது. குவித்து வைத்தால் வெயிலிலும் மழையிலும் மாறி மாறி நனைந்து காய்ந்து, உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேட்டின் மேல் லேசாகப் புகை வரும்போது உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதனால் ஆட்கள் எஞ்சினுக்குக் கரி கொட்டாத நேரமெல்லாம் மேட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. அதைச் செய்யவைக்கிற ஒரே வழி பிரம்பு என்று பக்கிரிசாமிக்குத் தெரியும். வேறு வழி உண்டா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவராகவும் யோசித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் கார்த்திகேசு அவருடைய கையில் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். யாழ்ப்பாணத்து மனிதர். பாதரசம் ஏறுவதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தார். பிறகு வெள்ளைக்கார டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். டாக்டர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இஞ்ச பாரும்" என்றார் கார்த்திகேசு. "உமக்கு ரத்த அமுக்கம் கூடிப்போய்க் கிடக்குது. மூக்கால வந்தது நல்லதெண்டு நினையும். மூளைக்குள்ள வெடிச்சிருந்தால் அந்த இடத்திலேயே சரி."

"ரத்தக் கொதிப்புங்களா?"

"ஓம், உங்கட ஆக்கள் அப்படித்தான் சொல்லுவினம். உப்பு கூடாது. கருவாடு, கள்ளு ஒண்டும் கூடாது. எல்லாத்துக்கும் மேல, கோபம் கூடாது. நீர் ஆளுக்கு அடிக்கிற மனுசன் எண்டு இவையள் சொல்லுகினம். இனிமேல் நீர் கை ஓங்கினால், அடி வாங்கிறவனுக்கு முதல் நீர்தான் விழுவீர்."

"மருந்து ஒண்ணும் இல்லீங்களா?"

"படுத்து எழும்பத் தூக்க மருந்து தரலாம். வேற என்னத்தைத் தர?"

பக்கிரிசாமி பயந்துபோனார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோதுகூட அவர் பயந்ததில்லை. கூட வந்தவர்கள் காய்ச்சலில் செத்துக் கடலில் போடப்பட்டதைப் பார்த்தபோதும் பயந்ததில்லை. தலைக்குள் ஏதோ ஒரு குழாய் வெடிக்கக் காத்திருக்கிறது, அதை வெடிக்கவைக்கப்போவது தன் கைதான் என்பதற்குப் பயந்தார்.

வீட்டில் பக்கிரிசாமியின் பெண்சாதி நல்லம்மாளுக்கு முதலில் எதுவும் நம்பும்படியாக இல்லை. ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் கோடியிலிருந்து இரண்டாவது வீடு அவர்களுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாங்காத அடி இல்லை. இடது தோள் எலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. மழைக்காலத்தில் அது வலிக்கும்போது, "எங்க வூட்டு மண்டோரு வானம் பாத்துச் சொல்றாரு, இன்னிக்கு மழையாம்" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

உப்பில்லாமல் ஆக்கிய கீரையை முதல் நாள் அவர் வாயில் வைத்தார். நல்லம்மாள் தட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.

"என்னாடி இது, மாட்டுக்கு வைக்கிறதா?"

"டிரெசரு சொன்னதுதாங்க. நான் என்னா பண்ணட்டும்."

கை எழுந்தது. அவள் வழக்கப்படி முகத்தைத் திருப்பி, கோணல் தோளை முன்னே கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடலெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு துடித்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

நல்லம்மாள் வெகுநேரம் அப்படியே நின்றாள். விழாத அடிக்குக் காத்திருப்பது அவளுக்குப் புதுசு.

லயத்துக்குப் பின்னால் கிள்ளான் ஆறு. கரையோரம் சீனர்களின் கீரைப் பாத்திகள், பன்றிக் கொட்டில், அதைத் தாண்டிச் செங்கல் சூளை. பக்கிரிசாமி நடந்த வேகத்தில் சூளை வரைக்கும் போய்விட்டார். அங்கே மாமரத்தடியில் ஒரு சீனன், கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தான். ஒரு காலைத் தூக்கி வைக்கவே வெகுநேரம் ஆயிற்று. கை இரண்டும் பெரிய பானையைச் சுற்றிப் பிடித்த மாதிரி உருண்டன. பைத்தியம் என்று நினைத்தார் பக்கிரிசாமி. திரும்பியபோது ஆளை அடையாளம் தெரிந்தது. சூளைக்கு நெருப்புப் போடுகிற ஆ லோக். சூதாட்டத்தில் தோற்றுவிட்டு ரயில் பாதையோரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போகிறவன்.

"ஆப்பா பூவாட்? என்னா பண்றே?" என்றார்.

ஆ லோக் பேசுவது பாதி சந்தை மலாய், பாதி லயத்தில் பொறுக்கிய தமிழ். "மருந்து" என்றான்.

"எங்கேய்யா மருந்து?"

"இதுதான். தாய் கெக்." சிவந்த தன் முகத்தைக் காட்டினான். "எனக்கு தாரா திங்கி. ரத்தம் மேலே போவும். தலை இப்படி, இப்படிச் சுத்தும். போன வருசம் சூளை வாயிலே விழ இருந்தேன். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டு சின்சே, வைத்தியன், சொன்னான், சூதாட்டம் வுடு, இல்லாட்டி இதைப் பண்ணு. சூது வுட முடியலே."

இன்றைக்குக் கோலாலம்பூர்ப் பூங்காக்களில் தாய்ச்சி என்று எல்லாரும் செய்கிறார்களே, அதுதான். பக்கிரிசாமி அன்றைக்கு அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து அவன் முடிக்கும் வரை பார்த்தார். வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் பார்க்கப் பார்க்கக் கழுத்தில் துடித்த நரம்பு அடங்கிவிட்டது. மறுநாள் விடியலில் தானாகவே வந்து நின்றார்.

"கை கீழே. தோளு கீழே. ஏன் தோளு காதுகிட்டே இருக்குது? யாரை அடிக்கப் போறே?" என்று ஆ லோக் கத்தினான். "இந்தக் கால் நெறைஞ்சது, அந்தக் கால் கோசோங், காலி. குடத்துத் தண்ணி மாதிரி ஊத்து. பெலான் பெலான்."

"மெதுவாத்தானேய்யா பண்றேன்."

"இன்னும் பெலான். மண்டோர், நீ நடக்கிறதே சண்டைக்குப் போற மாதிரி இருக்குது."

கரிமேட்டில் சேதி பரவியது. மண்டோர் சீனனோடு சேர்ந்து காத்தைத் தடவுறாராம், கொக்கு மாதிரி ஒத்தைக் காலில் நிற்கிறாராம். முதலில் மறைவில் சிரித்தார்கள். பிரம்பு வரவில்லை என்றதும் எதிரிலேயே சிரித்தார்கள். பக்கிரிசாமி தோளை இறக்கிக்கொண்டு மூச்சை வயிற்றுக்கு இழுத்தார். ஆட்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டு, மேட்டைப் புரட்டுகிறவர்களை வெயில் ஏறுமுன் புரட்டச் சொன்னார். வேலை முன்னைப்போலத்தான் நடந்தது. அதை நினைத்தபோது அவருக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார்.

மழைக்காலம் வந்து போனது. கார்த்திகேசு மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்து, "இறங்கிக் கிடக்குது. என்ன செய்தனீர்?" என்று கேட்டார். பக்கிரிசாமி, சீனனுடைய வித்தை என்று சொன்னார். கார்த்திகேசு நம்பாமல் சிரித்தார். "எதெண்டாலும் விடாமல் செய்யும்" என்றார்.

நல்லம்மாள் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறத் தொடங்கினாள். அவர் சாப்பிடும்போது பேசவும் தொடங்கினாள். இத்தனை வருசம் கழித்து, புருசனுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

கோடி வீட்டில் அவர்கள் மகன் கன்னையா இருந்தான். எஞ்சினில் நெருப்புப் போடுகிற வேலை. ஆள் வாட்டசாட்டம், அப்பாவைவிட ஒரு சாண் உயரம். கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து தங்கமணியைக் கட்டி வந்து இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. மேலே திறந்த இடைவெளி. அங்கே சோறு வெந்தால் இங்கே வாசம் வரும். அங்கே அடி விழுந்தால் இங்கே உத்தரத்திலிருந்து தூசி விழும்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துச் சத்தத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டதில்லை. இப்போது இந்தப் பக்கம் அமைதி. கன்னையாவின் கை தங்கமணியின் முதுகில் விழுவது, அவள் தலை பலகையில் மோதுவது, பாத்திரம் உருளுவது எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டது. அடிக்கிற முறையைக்கூடப் பக்கிரிசாமியால் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. முதலில் மயிரைப் பிடிப்பது, பிறகு சுவரோடு வைத்து அழுத்துவது. அது அவருடையது. மகன் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான்.

"போய் என்னான்னு கேளுங்க" என்றாள் நல்லம்மாள். "பொண்ணு செத்துருவாபோல இருக்குது."

பக்கிரிசாமி போய்க் கதவைத் தட்டினார். கன்னையா திறந்தான். உள்ளே தங்கமணி மூலையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தலைப்பு சிவந்திருந்தது.

"என்னாடா இது?"

"என்னா என்னா? மீனு தீஞ்சிருச்சு."

"அதுக்காவ இப்படியா?"

கன்னையா சிரித்தான். "நீங்களா கேக்கறது? அம்மாவை நீங்க அடிக்கிறப்ப இந்தக் கதவை யாருப்பா வந்து தட்டுனா? நான் சின்னப் புள்ளையிலே காலைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவேன். என்னையும் சேத்துதானே ஒதைச்சீங்க? ஒடம்பு சரியில்லேன்னு நீங்க நிறுத்திட்டீங்க. எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது."

பக்கிரிசாமிக்குக் காது அடைத்தது. கழுத்து நரம்பு எழுந்தது. அடித்துப் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. டிரெசர் சொன்னதும் தோன்றியது. திரும்பி நடந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். மாமரத்தடியில் நின்று கைகளை உயர்த்தினார். பின்னால், லயத்திலிருந்து, மறுபடியும் சத்தம் தொடங்குவது கேட்டது. அவர் மூச்சை இழுத்து, காலைத் தூக்கி, மெதுவாக, மிக மெதுவாக வைத்தார்.

இதே மாதிரி பல தடவை நடந்தது.

ஒருநாள் விடியற்காலை பனி இன்னும் ஆற்றின் மேல் கிடந்தது. ஆ லோக் வரவில்லை. பக்கிரிசாமி தனியாகச் செய்துகொண்டிருந்தபோது கீரைப் பாத்தி வழியாகத் தங்கமணி வந்தாள். ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விறகுக்கட்டையால் சுட்ட காயம் கொப்பளித்துப் பளபளத்தது.

"நிறுத்தாதீங்க மாமா. பண்ணுங்க" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "நான் பாக்கத்தான் வந்தேன்."

"என்னா புள்ளே இது கையிலே?"

"நெருப்புப் போடற ஆளு, கை சும்மா இருக்குமா?" பாத்தி வரப்பில் உட்கார்ந்தாள். "அவரு அடிக்கிறப்பல்லாம் நீங்க இங்கே வந்துருவீங்கன்னு அத்தே சொல்லுச்சு. வந்து காத்தைத் தள்ளுவீங்களாம். ஒங்க ஒடம்புக்கு நல்லதாம். சரி. நான் எங்கே போய் எதைத் தள்ளறது?"

அவர் தூக்கியிருந்த கைகளைக் கீழே இறக்கினார்.

"ஒங்களுக்குக் கோவம் வந்தா செத்துருவீங்க. அவருக்குக் கோவம் வந்தா நான் செத்துருவேன். அம்புட்டுதானே மாமா? கேட்டுக்கிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

அவள் எழுந்து நடந்தது லயத்தின் பக்கம் இல்லை. ஆற்றின் பக்கம். பக்கிரிசாமி இரண்டே எட்டில் போய் அவளுடைய நல்ல கையைப் பிடித்தார். அவள் உடம்பு முழுவதும் சுருங்கி, தோளை முன்னே கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நல்லம்மாள் நிற்கிற அதே நிலை. இந்த லயத்துக்கு வந்து இரண்டு வருசத்தில் அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"வா" என்றார். "பண்டமாரானுக்குப் போவோம். ஒன் அண்ணன் வூட்டுக்கு."

அன்றைக்குக் கன்னையா ஈப்போ வண்டியோடு போயிருந்தான், மதியத்துக்கு மேல்தான் திரும்புவான். கிள்ளான் போகிற காலை ரயிலில் பக்கிரிசாமி அவளை ஏற்றி, தானும் கூடவே ஏறினார். தங்கமணியின் அண்ணன் நாகையா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தங்கச்சியின் கையைப் பார்த்ததும் உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான். பக்கிரிசாமியின் நெஞ்சுச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"ஒன் மவன்தானேய்யா? ஒன் ரத்தம்தானே? வெட்டிப் போடட்டுமா?"

"வெட்டு" என்றார் பக்கிரிசாமி. "வெட்டுனா ஜெயிலுக்குப் போவே. அப்பறம் இதுக்கு யாரு இருக்கா?"

நாகையா அரிவாளை வாசலில் எறிந்துவிட்டு அழுதான். தங்கமணி அழவில்லை. "மாமாவுக்குச் சாயாத் தண்ணி குடுங்க, உப்புப் பிஸ்கட்டு வேணாம், அவருக்கு ஆவாது" என்று அண்ணிக்காரியிடம் சொன்னாள்.

அவர் திரும்பிக் கொட்டகைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஈப்போ எஞ்சின் சாம்பல் குழியில் அடுப்பைக் கொட்டி முடித்திருந்தது. ஓடி வந்த எஞ்சினின் அடுப்பைக் கிளறி, எரிந்த கரியைக் கீழே தள்ளுகிற இடம் அது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஆள் ஆழத்துக்குச் செங்கல் கட்டிய பள்ளம். சிவப்புக் கட்டிகளாக விழுகிற கரியின் மேல் குழியாட்கள் தண்ணீர் அடிப்பார்கள். அதற்குள் எஞ்சினை முன்னால் நகர்த்திவிட்டார்கள், குழி திறந்து கிடந்தது. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தம்புசாமியும் இன்னும் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

கன்னையா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான். கையில் அடுப்பு கிளறுகிற நீள இரும்புக் கம்பி.

"எங்கேப்பா அவ?"

"அண்ணன் வூட்லே."

"யாரைக் கேட்டுக்கிட்டு வுட்டீங்க?"

"யாரையும் கேக்கலே. கம்பியைக் கீழே போடுடா."

"எம் பொண்டாட்டி. நான் அடிப்பேன், கொல்லுவேன். நீ யாருய்யா நடுவுலே?" முதல்முறையாக அப்பாவை 'நீ' என்றான். "சீனன்கிட்டே கூத்துக் கத்துக்கிட்டா நீ நல்லவனாயிருவியா? அம்மா தோளைப் பாரு போய். யாரு ஒடச்சது? எம் மண்டையிலே தழும்பு இருக்குதே, யாரு போட்டது?"

கம்பி சுழன்று வந்தது. முதல் அடி பக்கிரிசாமியின் மேல்கையில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது அடி காதை உரசிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் மோதித் தீப்பொறி பறந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். குதிகாலுக்கு அடியில் குழியின் விளிம்பு தட்டுப்பட்டது. பின்னாலிருந்து அனல் முதுகைச் சுட்டது. கன்னையா கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முழு உடம்போடும் பாய்ந்தான்.

பக்கிரிசாமி யோசிக்கவில்லை. ஒரு கால் நிறைந்தது, மற்றது காலியானது. இடுப்பு திரும்பியது. கம்பி அவர் நின்றிருந்த இடத்தில் வெறும் காற்றைப் பிளந்துகொண்டு இறங்க, கன்னையா அவருடைய நெஞ்சை ஒட்டிக் கடந்து போனான். அந்தக் கணத்தில் அவன் விளிம்பில் நின்றுவிட்டிருக்கக்கூடும். ஒரு கால் தடுமாறி நிலைக்கப் பார்த்தது. பக்கிரிசாமியின் நல்ல கை எழுந்து, உள்ளங்கை மகனின் தோள்பட்டையில் பதிந்தது. மெதுவாகத்தான் பதிந்தது. பிறகு தள்ளியது.

கன்னையா சிவப்புக் கரியின் மேல் விழுந்த சத்தத்தை அங்கே இருந்த ஒருவரும் பிறகு விவரித்ததில்லை.

தம்புசாமிதான் முதலில் தண்ணீரைத் திறந்தான். வெந்நீராவி குபீரென்று கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது. நீராவிக்குள் பக்கிரிசாமி குதித்தார். கொக்கி போட்டு இரண்டு பேரையும் மேலே இழுத்தபோது, கன்னையாவின் கால்கள் முழங்கால் வரை வெந்து தோல் கழன்றிருந்தன. கையொன்று வெந்து கறுத்திருந்தது. உயிர் இருந்தது. "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினான். பக்கிரிசாமியின் பாதங்களும் வெந்திருந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை.

விசாரிக்க வந்த தொரையிடம் தம்புசாமி, "வழுக்கி வுளுந்துட்டாருங்க தொரே, எண்ணெத் தரை" என்றான். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். தொரை போன பிறகு பக்கிரிசாமி தம்புசாமியைப் பார்த்தார்.

"நீ பாத்தியே."

"பாத்தேன் மண்டோர்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்க எங்களை அடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களே, அப்ப தொரை கேட்டா அதைத்தான் சொல்லுவோம். வழுக்கி வுளுந்துட்டேன்னு. வாயிலே அதுதான் வருது."

ஆஸ்பத்திரியில் கன்னையாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நல்லம்மாள் அவன் கட்டிலடியிலேயே கிடந்தாள். பக்கிரிசாமி மேல்கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, காலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் தனியாக இருந்தார். ஆ லோக் ஒரு சிமிழ் சீனத்துக் களிம்பு கொண்டுவந்து கொடுத்தான்.

"இது மருந்துன்னுதானேய்யா சொன்னே?" என்றார் பக்கிரிசாமி.

ஆ லோக் தலையைச் சொறிந்தான். "மருந்துதான். பெலான் பெலானாப் பண்ணா மருந்து. வேகமாப் பண்ணா சண்டை. ரெண்டும் அதேதான், மண்டோர். ஒனக்குத் தெரியாதா? நீ கேக்கலே, நானும் சொல்லலே." களிம்பைக் காலுக்குத் தடவச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கன்னையா பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்ன அன்று மத்தியானம் நல்லம்மாள் வீட்டுக்கு வந்தாள். வெயில் தகரக் கூரையில் இறங்கி வீடு கொதித்தது. அவள் முகம் கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நேரே அவர் எதிரில் வந்து நின்றாள்.

"தம்புசாமி வழுக்கி வுளுந்தான்னு சொல்றான். புள்ளே ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்குது. நீங்க சொல்லுங்க. வுளுந்தானா?"

பக்கிரிசாமி எழுந்து நின்றார். வெந்த பாதம் தரையில் பட்டு வலித்தது.

"நிக்கத்தான் பாத்தான்" என்றார். "நின்னுருப்பான். நான் தள்ளிட்டேன்."

"தெரிஞ்சா தள்ளுனே?"

"கைக்குத் தெரிஞ்சுது."

நல்லம்மாள் அவரை அடித்தாள். முதல் அறை கன்னத்தில் விழுந்தது. அவள் கையாலேயே அதை நம்ப முடியாத மாதிரி ஒரு நொடி நின்றாள். பிறகு நிறுத்தவில்லை. கன்னத்தில், காதில், நெஞ்சில், கட்டுப் போட்ட கையில். "எம் புள்ளேய்யா, எம் புள்ளே, அவனை அப்படி ஆக்குனதும் நீதான், இப்படி ஆக்குனதும் நீதான்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். கோணல் தோள் வலியெடுக்க, இன்னொரு கையால் அடித்தாள். உதடு கிழிந்து அவர் தாடையில் ரத்தம் வழிந்தது. பக்கிரிசாமி கையை உயர்த்தவில்லை. விலகவும் இல்லை. விலக முடியும் என்பது அவருக்குத் தெரியும். காலை மாற்றாமல், பாரத்தை இரண்டு வெந்த பாதங்களிலும் வைத்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடினார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். சிவந்து, விரல்களெல்லாம் தடித்துப்போயிருந்தது. மெல்ல மடக்கப் பார்த்தாள், மடக்க முடியவில்லை.

"இப்படியா வலிக்கும்?" என்றாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அடிச்சா கை இப்படியா வலிக்கும்? அப்பறம் எப்படிய்யா இத்தனை வருசம் அடிச்சே?"